விரல் கண்டது, படம் காட்டியது

நான் ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை. அம்மா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிவதால் அவர் வெளியூர் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது போன வருஷம்தான். அதுவும் என் மனைவி சொல்லி. "பிள்ளை பெத்தா வர்றதுதான்" என்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார். அது ஏன் வருகிறது என்று தேடப்போய்க் கிடைத்த கதை இது.

இடுப்புக்கூட்டின் அடியில் தூளி மாதிரி ஒரு தசை இருக்கிறது. லெவேட்டர் ஏனை என்று பெயர். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது அதுதான். அதன் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் குழந்தையின் தலை வரவேண்டும். 2004-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதைக் கணினியில் மாதிரி செய்து பார்த்தார்கள். தசையின் ஒரு பகுதி தன் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இழுபட வேண்டியிருந்தது.

1943-லேயே ஹோவர்ட் கெய்னி என்ற அமெரிக்க டாக்டர், பிரசவமான 1000 பெண்களைக் கையால் சோதித்து, சிலருக்குத் தசை எலும்பிலிருந்தே பிய்ந்திருப்பதை எழுதிவிட்டார். ஐந்து வருஷம் கழித்து ஆர்னால்ட் கெகல் தசைப் பயிற்சியைப் பற்றி எழுதினார். பயிற்சி உலகமெல்லாம் பரவியது. கெய்னி சொன்னது மறந்துபோனது. விரலில் பட்டதை இன்னொருவருக்குக் காட்ட முடியாது என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கர்ப்பிணி வயிற்றை ஸ்கேன் செய்யும் வழியை கிளாஸ்கோவின் இயன் டொனால்ட் 1958-லேயே காட்டிவிட்டார். ஆனால் ரொம்ப நாளைக்கு ஸ்கேனில் எல்லோரும் பார்த்தது குழந்தையை. அது வெளியே வந்த பாதையைப் பார்த்தவர்கள் குறைவு.

2003-ல் மிச்சிகனின் ஜான் டிலான்சி குழு எம்.ஆர்.ஐ. எடுத்தது. பிரசவமே ஆகாத 80 பேரில் ஒருவருக்கும் தசையில் குறை இல்லை. ஒரு சுகப்பிரசவம் ஆன 160 பேரில் 32 பேருக்கு இருந்தது. அந்த 32 பேரில் 23 பேர் கசிவுத் தொல்லை உள்ளவர்கள்.

2005-ல் சிட்னியில் ஹான்ஸ் பீட்டர் டீட்ஸ் இன்னும் எளிதாக்கினார். கருவியை வெளியே வைத்தே முப்பரிமாண அல்ட்ராசவுண்ட், பிரசவத்துக்கு முன்னும் பின்னும். நாங்கள் கோடில் டிஃப் பார்ப்பது மாதிரிதான். சிசேரியன் இல்லாமல் பெற்ற 39 பேரில் 14 பேருக்குத் தசை பிய்ந்திருந்தது. ஆயுதப் பிரசவத்தில் இந்த ஆபத்து அதிகம் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின.

பயிற்சியால் பலருக்கும் குணம் கிடைக்கிறது. ஆனால் எலும்பிலிருந்து விட்டுப்போன தசையைப் பயிற்சி ஒட்டவைக்காது. 'ஒழுங்கா செய்யலை' என்று அந்தப் பெண்ணைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

அம்மாவுக்கு நடந்தது இதுதானா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். படங்களைக் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் பத்தியம் சரியா இருக்கலைன்னு உங்க அப்பத்தா சொன்னாங்களேடா?"

"அது காரணம் இல்லம்மா" என்றேன். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம்.