பச்சை டிக் கேட்கிறார்கள்

மேலூரில் எங்கள் கடைப் பலகை முதலில் டி.டி.பி. சென்டர் என்றிருந்தது. பிறகு ப்ரவுசிங் சென்டர் ஆனது, இப்போது ஆன்லைன் சேவை. செய்கிற வேலை என்னவோ ஒன்றுதான். திரையில் தெரிவதை, எதிரே நிற்பவர் நம்புகிற தாளாக்கிக் கொடுப்பது.

தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்த் தளம் ஒன்றைத் திறந்தால் வெறும் கட்டங்களோ, தலையில் குறிபோட்ட ஆங்கில எழுத்துகளோ வரிசையாக வந்து நிற்கும். வாடிக்கையாளர் மானிட்டரைத் தட்டுவார். கோளாறு மானிட்டரில் இல்லை. ஒவ்வொரு நாளிதழும் தனக்கென்று ஒரு ஃபாண்ட் வைத்திருந்தது. 'அ'வுக்கு ஒன்று கொடுத்த எண் வேறு, மற்றொன்று கொடுத்த எண் வேறு. சில தளங்களில் ஃபாண்ட் தானாக வந்து இறங்கும், அதுவும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும். நெட்ஸ்கேப்பில் திறந்தால் மறுபடி கட்டம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு டாம், டாப் என்று இரண்டு எழுத்துக் குறியீட்டுத் தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் திஸ்கி என்ற இன்னொரு குறியீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு இதனால் கிடைத்தது நிறைய ஃபாண்ட் ஃபிளாப்பிகள். விண்டோஸ் எக்ஸ்பியும் யூனிகோடும் கடைகளில் பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை அடங்கியது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே எங்கள் மாவட்டத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஒரு காரியம் நடந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்தியது. மதுரையில் அதற்கு ஓர் அறைகூடக் கிடையாது, சங்கத்தின் நினைவாக வைத்த பெயர். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களை அவர்கள் பி.டி.எஃப். ஆகவும் கொடுத்தார்கள். அதில் ஃபாண்ட் கோப்புக்குள்ளேயே பொதிந்து வரும். திறக்கிற கம்ப்யூட்டரில் தமிழ் இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. அடோபி 1993இல் வெளியிட்ட பி.டி.எஃப். எங்களுக்கு அறிமுகமானது இப்படித்தான், தொல்லையாக அல்ல, தீர்வாக.

மேலூர் வட்டாரத்துக்கு இணையத்தில் தனிக் கதை உண்டு. 2001 நவம்பரில் 'சாரி' என்ற கிராம இணையத் திட்டம் இங்கே வந்தது. சென்னை ஐ.ஐ.டி., ஹார்வர்டு, எம்.ஐ.டி., என்-லாக் நிறுவனம் எல்லாம் சேர்ந்து நடத்தியது. ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம். கூரைமேல் சின்னப் பெட்டி, கீழே ஒரு கம்ப்யூட்டர், நொடிக்கு 35 கிலோபிட், மிஞ்சினால் 70. வட்டாரக் கிராமங்களில் ஏறக்குறைய எண்பது நிலையங்கள் முளைத்தன. கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முதியோர் உதவித்தொகை, வருமானம், சாதி, பிறப்புச் சான்றுகளுக்கான விண்ணப்பங்கள் தாலுகா ஆபீசுக்கு மெயிலில் போயின. போனது விண்ணப்பம்தான், சான்று வர அங்கே ஒருவர் மனசு வைக்க வேண்டும், கையெழுத்து போட வேண்டும், ரவுண்டு சீல் குத்த வேண்டும். சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான நிலையங்கள் மூடிவிட்டன. லைன் மந்தம் என்றார்கள், வருமானம் போதவில்லை என்றார்கள். எனக்குத் தோன்றுவது, சீல் மேசையை விட்டு நகராதவரை மெயிலுக்கு மதிப்பில்லை.

சீல் நகர்வதற்கான சட்டம் அப்போதே இருந்தது. 2000 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்கையொப்பத்துக்குக் கையெழுத்தின் தகுதியைக் கொடுத்தது. ஆனால் அது எங்கள் கடை வாசலுக்கு வந்தது வெகுகாலம் கழித்து, ஆதாரும் வருமானச் சான்றும் பி.டி.எஃப். ஆன பிறகு. கூடவே ஒரு மஞ்சள் கேள்விக்குறியும் வந்தது. 'வேலிடிட்டி அன்னோன்'.

"என்ன தம்பி, கேள்விக்குறி போட்டுருக்கு? டூப்ளிகேட்டா?"

"இல்லண்ணே, ஒரிஜினல்தான். கையெழுத்துப் போட்டவரை நம்ம கம்ப்யூட்டருக்குத் தெரியல, அம்புட்டுத்தான்."

கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு சான்றளிப்பு நிறுவனம் ஜாமீன் நிற்கும். அந்த நிறுவனத்துக்கு டெல்லியில் உள்ள கட்டுப்பாட்டாளர் அலுவலகம் ஜாமீன். அந்த அலுவலகத்தின் மூலச் சான்றிதழ் நம் அக்ரோபாட்டில் இல்லையென்றால் கேள்விக்குறி. ப்ரவுசரிலேயே திறந்தால் இன்னும் வேடிக்கை: குரோம் கையொப்பத்தைச் சோதிப்பதே இல்லை, கோப்பில் ஏற்கெனவே இருக்கும் கேள்விக்குறிப் படத்தை அப்படியே வரைந்துவிடும். 2015இல் குரோம் பழைய பிளக்-இன்களை நிறுத்திய பிறகு ப்ரவுசருக்குள் அடோபி ரீடரைக் கூப்பிடவும் வழியில்லை. இறக்கி, தனியாகத் திறக்க வேண்டும்.

மூலச் சான்றிதழை வாங்கிப் பதிந்து சரிபார்ப்பதுதான் முறை. கடைகளில் நடப்பது குறுக்குவழி. கேள்விக்குறியை அழுத்தி, சான்றிதழைக் காட்டச் சொல்லி, 'நம்பத்தகுந்தவர்' பட்டியலில் சேர்த்து, ஓ.கே., மறுபடி சோதி. பச்சை டிக் விழுந்துவிடும். இதே வரிசையில் போனால், எவனோ தானே செய்துகொண்ட போலிச் சான்றிதழுக்கும் பச்சைதான் விழும். நம்பு என்று நான் சொன்னேன், கம்ப்யூட்டர் சரி என்றது. வங்கிக்காரர் அந்த டிக்கில் பார்ப்பது அரசாங்கத்தை அல்ல, என்னை.

மேலே உள்ள ஜாமீனும் தவறியதுண்டு. 2014 ஜூலையில் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானதை கூகுளே கண்டுபிடித்தது. இந்திய மூலச் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் நம்பியதால் விண்டோஸின் பட்டியலைச் சார்ந்த நிரல்கள் அவற்றையும் நம்பியிருக்கும். தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் தப்பித்தது. கட்டுப்பாட்டாளர் அந்தப் பிரிவின் சான்றிதழ்களை ரத்து செய்தார். அன்றைக்கு எங்கள் கடையில் யாருக்கும் இது தெரியாது. பட்டா, சிட்டா, வில்லங்கம் என்று கூட்டம் நின்றது.

பிரிண்ட் எடுத்ததும் கையொப்பம் போய்விடுகிறது என்பதையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். தாளில் இருப்பது டிக்கின் படம்; படத்தை எவனும் ஒட்டலாம். சோதிக்க வேண்டுமென்றால் கோப்பு வேண்டும், அல்லது சான்றில் அச்சாகியிருக்கும் எண்ணை அரசுத் தளத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். அதனால் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அழித்துவிடாதீர்கள் என்கிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அப்புறம் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கலர் பிரிண்டாப் போடுங்க தம்பி, பேங்குல பச்சை தெரியணுங்கிறாங்க" என்கிறார்கள்.