பிரேதமும் வாக்குமூலமும்

கொலையுண்ட பெண்ணின் உடலைப் பரிசோதிக்க அதிகாரி கூச்சப்படலாகாது என்று சீன தேசத்தில் எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விதி எழுதப்பட்டது. தெற்குச் சொங் வமிசத்தாரின் ஆட்சியில், பூஜியன் மாகாணத்தில் பிறந்து, நீதி மேற்பார்வை அதிகாரியாகப் பல இடங்களில் உத்தியோகம் பார்த்த சொங் ட்சி என்பவர், 1247-ஆம் ஆண்டில் தொகுத்த ‘ஷியுவான் ஜிலு’ என்னும் மரண விசாரணை நூலில் அவ்விதியைக் காணலாம். மறைவிடத்தில் கூரிய ஆயுதத்தைச் செலுத்திக் கொன்றிருக்கக் கூடுமாதலால் அங்கேயும் பார்க்கவேண்டும். கன்னிப் பெண்ணாயின் மருத்துவச்சியை வரவழைக்க வேண்டும். தனவந்தர் வீட்டுப் பணிப்பெண் இறந்து கிடந்தாலோ, கிடந்த இடத்தின் நாற்புறத்தையும் அளந்து குறித்துக்கொண்டு, பிரேதத்தைப் பெரிய சாலைக்குச் சுமந்துவந்து, ஊரார் காணப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார் அவர். இந்தக் கடைசி விதியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. உயர்ந்த மதில்களுக்குள்ளே ஓர் ஏழைப் பெண்ணின் சாவு எவ்வளவு சுலபமாக மறைக்கப்படும் என்பதைக் கண்ணால் கண்டு மனம் நொந்த ஒருவரே இப்படி எழுதியிருக்க முடியும்.

நாட்பட்ட எலும்புகளை வெயிலில் வைத்து, எண்ணெய் பூசிய செந்நிறக் குடையை அவற்றின்மேல் பிடித்துப் பார்த்தால் அடிபட்ட தடம் புலப்படும் என்பது போன்ற நுட்பங்களும் அந்நூலில் உள்ளன. 1694-இல் சிங் வமிச அரசு அதைத் திருத்தி அதிகார பூர்வமான பதிப்பாக வெளியிட்டது. ஆயினும் பிரேதத்தைத் தொட்டுக் கழுவிக் காயங்களை உரக்க அறிவிக்கும் தொழில், ‘வூசுவோ’ எனப்பட்ட, சமூகத்தில் இழிவாக எண்ணப்பட்ட ஊழியனிடமே இருந்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு: குற்றவாளி தன் வாயால் ஒப்புக்கொண்டாலொழிய வழக்கு முற்றுப்பெறுவது அரிதாயிருந்தது; ஒப்புக்கொள்ள வைப்பதற்குச் சித்திரவதையைச் சட்டமே அனுமதித்தது.

பலாத்கார வழக்குகளில் பெண்ணின் நிலை இன்னும் பரிதாபகரமாக இருந்தது. 1646-ஆம் ஆண்டின் சிங் சட்ட விளக்கம், தப்ப முடியாத வன்முறை நிகழ்ந்ததென்பதற்குப் பிறர் கண்டோ கேட்டோ இருக்க வேண்டும், மேனியில் காயமும் கிழிந்த ஆடையும் இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதித்தது. எதிர்த்துப் போராடி உயிர்நீத்தவளுக்குச் சக்கரவர்த்தியின் பெயரால் 30 தாயல் வெள்ளி அளித்து நினைவு வளைவு எழுப்பினார்கள். கொல்லப்பட்டவளின் துயரத்தை அறிவதினும் அவளுடைய கற்பை அளப்பதிலேயே அரசாங்கம் அதிகக் கவனம் செலுத்தியது என்றுதான் சொல்லவேண்டும்.

வதையும் வாக்குமூலமும் செய்த தீங்குக்கு ஒரு வழக்கைக் காட்டலாம். 1873-ஆம் ஆண்டின் இறுதியில், செஜியாங் மாகாணத்து யூஹாங் ஊரில் தௌஃபூக் கடையில் வேலைபார்த்த கெ பின்லியன் என்பவன் திடீரென்று இறந்தான். அவன் மனைவிக்கும் யாங் நைவூ என்ற கல்விமானுக்கும் கள்ளத்தொடர்பு உண்டென்று ஊர் முன்பே பேசிக்கொண்டிருந்தது. வூசுவோ ஒருவன் வெள்ளி ஊசியைப் பிரேதத்தின் தொண்டையில் செலுத்தி எடுக்க, ஊசி கறுத்தது. விதிப்படி அதைச் சீகைபோன்ற காயின் நீரால் துடைத்திருக்க வேண்டும். துடைக்காமலே விஷம் என்று எழுதிவிட்டான். இருவரையும் வதைத்து வாக்குமூலம் பெற்றார்கள். அவளை அங்கம் அங்கமாக அறுத்துக் கொல்லவும், அவனைச் சிரச்சேதம் செய்யவும் தீர்ப்பாயிற்று. உறவினர் பெய்ஜிங் வரை முறையிட்டனர். ஷாங்காயின் ‘ஷென் பாவ்’ பத்திரிகை விடாமல் எழுதியது. 1877-இன் தொடக்கத்தில் சவப்பெட்டி தலைநகரில் திறக்கப்பட்டபோது எலும்புகளில் விஷத்தின் அடையாளமே இல்லை. மாகாண ஆளுநர் பதவி இழந்தார். கொலைப்பழி நீங்கிய பின்னும் அந்தப் பெண்ணுக்கு, பிற ஆடவனோடு நெருங்கிப் பழகியதாகக் கூறி, 80 அடி தண்டனை விதிக்கப்பட்டது.

1905-இல் சித்திரவதை சட்டத்திலிருந்து நீங்கிற்று; வழக்கத்திலிருந்து நீங்கவில்லை. 1983-இல் குற்றங்களைக் கடுமையாகவும் விரைவாகவும் தண்டிக்கும் இயக்கம் தொடங்கி, மரண தண்டனையை மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் பெரும்பாலான வழக்குகளில் மாகாண நீதிமன்றங்களுக்குச் சென்றது. உச்ச மக்கள் நீதிமன்றத்துக்கு அது முழுமையாகத் திரும்பியது 2007-இல்தான். இடையிலே, 1996 ஏப்ரலில் ஹோஹாட் நகரத்துப் பொதுக் கழிப்பிடம் ஒன்றில் கொலையுண்டு கிடந்த பெண்ணைக் கண்டு போலீசாருக்குத் தகவல் சொன்ன 18 வயது மங்கோலிய இளைஞன் ஹுக்ஜில்டு, அவனே குற்றவாளியெனப்பட்டு, 61 நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டான். 2005-இல் வேறொருவன் அக்கொலையை ஒப்புக்கொண்டான். 2014 டிசம்பரில் ஹுக்ஜில்டு நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. அவ்வாறே 1995-இல் ஹெபெய் மாகாணத்தில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட நியெ ஷூபினும் 2016-இல் நிரபராதியெனப்பட்டான். அதே 2016-இல், 1988 முதல் 2002 வரை பாயின், பாவ்டோ நகரங்களில் 11 பெண்களைக் கொன்றவன், உறவினன் ஒருவனின் மரபணுவைக் கொண்டு கண்டுபிடிக்கப்பட்டான். கொலையுண்டவர்களுள் 8 வயதுச் சிறுமியும் ஒருத்தி.

இப்படிப்பட்ட காமவெறிக் கொலைஞர்களின் வயது, தொழில், கொன்ற முறை, கொல்லப்பட்டவரோடு இருந்த பழக்கம் ஆகியவற்றைச் சீன சமூகத்தில் ஆராய முற்படும் குற்றவியலாளர்கள், போலீஸ் பதிவுகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் நம்பியே பட்டியல் வகுக்க வேண்டியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அப்படி ஒருவர் பட்டியலிட்டிருந்தால், ஹுக்ஜில்டுவின் வயதும் அவன் மீது சுமத்தப்பட்ட நோக்கமும் அதில் சான்றாக ஏறியிருக்கும். பின்னர் அக்கொலையை ஒப்புக்கொண்டவனோ அப்போது பிடிபடாமல் வெளியே திரிந்துகொண்டிருந்தான். ஆகவே தீர்ப்பின் முடிவைப் படிக்கும் ஆராய்ச்சியாளர், அது பிரேதத்தின் சான்றை ஆதாரமாகக் கொண்டதா, வாக்குமூலத்தையா என்று ஒவ்வொரு வழக்கிலும் பிரித்துக் குறிக்க வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.