வாடாத பூவுக்கு என்ன விலை?

போன வாரம் இன்ஸ்டாவில் ஒரு ரீல் பார்த்தேன். ஒரு பொண்ணு பைப் கிளீனரை வளைச்சு, முறுக்கி, கண் முன்னாடியே ஒரு டூலிப் பூ செஞ்சு முடிக்கிறாங்க. அவ்வளவு அழகு. கீழே முதல் கமெண்ட் என்ன தெரியுமா? "கம்பியும் பஞ்சும்தானே, இதுக்கா இவ்வளவு விலை?" சாதாரணக் கமெண்ட்தான். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி ரொம்பப் பழைய கதை ஒன்று இருக்கு. அதைத்தான் இன்றைக்குப் பேசப்போறோம்.

நோணாங்குப்பத்திலிருந்து தொடங்குவோம். புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் தெற்கே போனா வரும் ஊர். சுண்ணாம்பாறு போட் ஹவுஸ்னு சொன்னா எல்லோருக்கும் தெரியும். வீக்கெண்டில் படகு ஏறி பாரடைஸ் பீச்சுக்குப் போறோமே, அதே இடம்தான். அங்கே போற வழியில் அரியாங்குப்பத்துப் பக்கம் நம்மில் பலர் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு இடம் இருக்கு. அதுதான் அரிக்கமேடு.

1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்த மது ஜாடிகள், இத்தாலியில் செய்த பளபளப்பான சிவப்புத் தட்டுகள், மணிகள் எல்லாம் கிடைத்தன. சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கரை ரோமோடு வியாபாரம் செய்திருக்கு.

அதே முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்தவர் பிளினி. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனவர். அவருடைய 'இயற்கை வரலாறு' நூலின் 21-ஆம் பகுதியில் மாலைகளைப் பற்றி எழுதியிருக்கார். குளிர்காலத்தில் பூ கிடைக்காதபோது, கொம்பை மெல்லிசா சீவி, சாயம் ஏற்றி மாலை கட்டினாங்களாம். அப்புறம் பணக்காரப் பெண்களிடம் புது மோகம் வந்தது. இந்தியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்த மாலைகள்தான் வேணும். அதிலும் பல நிறப் பட்டில் செஞ்சு, வாசனைத் தைலத்தில் நனைத்ததுன்னா இன்னும் உசத்தி. வாடாத பூவை நம்ம பக்கத்திலிருந்து இறக்குமதி செஞ்சு தலையில் சூடியிருக்காங்க!

ஆனா ஒன்றைக் கவனிங்க. யார் சூடினாங்கன்னு பிளினி எழுதினார். யார் செஞ்சாங்கன்னு எழுதல. அரிக்கமேட்டு மணி மண்ணுக்குள்ள தங்கும். பட்டு மக்கிப்போகும். அதைச் செஞ்ச கையும் அப்படித்தான் போயிடுச்சு.

இப்போ பைப் கிளீனருக்கு வருவோம். இதுக்கு இன்னொரு பேர் 'ஷெனீல்'. புதுச்சேரிக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், பிரெஞ்சு வார்த்தை. அர்த்தம் கம்பளிப்பூச்சி! கையில் எடுத்துப் பாருங்க, பேர் எவ்வளவு பொருத்தம்னு புரியும். ரெண்டு மெல்லிய கம்பிக்கு நடுவில் சின்னச் சின்ன இழைகளை வெச்சு முறுக்கினா, இழை எல்லாம் சுத்திலும் சிலிர்த்து நிற்கும். அவ்வளவுதான் நுட்பம். சீனாவின் நான்ஜிங் நகரத்தில் பட்டு இழையையும் செப்புக் கம்பியையும் வெச்சு இதே மாதிரி முறுக்கிப் பூ செய்யும் பாரம்பரியக் கலை இருக்கு. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் புகைபிடிக்கும் பைப்பைச் சுத்தம் பண்ண ஒரு பொருள் வந்தது. பிறகு அது குழந்தைகளின் கிராஃப்ட் பெட்டிக்குள்ள போய், இப்போ பொக்கேயா நம்ம ஃபீடுக்கு வந்திருக்கு.

நடுவில் ஒரு இருண்ட அத்தியாயமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கத் தொப்பியிலும் கவுனிலும் செயற்கைப் பூதான் ஃபேஷன். அதோட தலைநகரம் பாரிஸ். லண்டனிலும் பட்டறைகள் இருந்தன. அங்கே வேலை பார்த்த மட்டில்டா ஷூரருக்கு 19 வயசு. இலைகள் பசுமையாத் தெரிய, அதுமேல பச்சைப் பொடி தூவுவதுதான் வேலை. அந்தப் பொடியில் இருந்தது ஆர்சனிக். 1861 நவம்பரில் அந்த விஷத்தாலேயே செத்துப்போனாங்க. கடைசியில் கண்ணின் வெள்ளைப்பகுதிகூடப் பச்சையாயிடுச்சாம். பூ செஞ்ச ஆயிரக்கணக்கான பெண்களில் இவங்க பேர் நமக்குத் தெரியும். காரணம், அந்த மரணம் செய்தியானது.

அடுத்து நியூயார்க். 1908 தொடங்கி லூயிஸ் ஹைன் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்துட்டே போனார். அதில் சில படங்கள் உங்களைத் தூங்க விடாது. சின்ன அறை, ஒரு மேஜை, அதைச் சுத்தி அம்மாவும் குழந்தைகளும் உட்கார்ந்து பூ கட்டுறாங்க. கூலி குரோஸ் கணக்கு, அதாவது 144 பூவுக்கு இவ்வளவுன்னு. வீட்டிலேயே நடக்கும் வேலை என்பதால், அது வேலையாவே யாருக்கும் தெரியல.

இப்போ அந்த இன்ஸ்டா கமெண்டுக்குத் திரும்புவோம். கம்பிக்கும் பஞ்சுக்கும் பெரிய விலை இல்லை, அது உண்மைதான். ஆனா ஒரு பூவுக்கு 20 நிமிஷம்னு வெச்சுக்கோங்க. பத்துப் பூ பொக்கேக்கு 200 நிமிஷம். மூணு மணி நேரத்துக்கும் மேல. இலை, ரிப்பன், பேக்கிங் எல்லாம் தனி. வாங்குறவங்க பொருளுக்குத்தான் கணக்குப் போடுறாங்க. சோகம் என்னன்னா, விற்கிறவங்களும் பல நேரம் அப்படித்தான். "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல செய்றதுதானே"ன்னு தங்களோட நேரத்துக்கு ஒரு ரூபாகூடப் போடமாட்டாங்க. குரோஸ் கணக்கில் கூலி கொடுத்த முதலாளி சொன்னதை, இப்போ நாமே நமக்குச் சொல்லிக்கிறோம்.

அதனால இதைக் கேட்கிறவங்களில் யாராவது பூ செஞ்சு விற்கிறீங்கன்னா, அடுத்த ஆர்டருக்குப் போனில் டைமரை ஆன் பண்ணிட்டு உட்காருங்க. விலை சொல்லும்போது அந்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. பூவோட ஒரு சின்ன அட்டையில் உங்க பேரையும் எழுதுங்க. வாங்குறவங்களா இருந்தா, பேரம் பேசுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பூ செஞ்சு பாருங்க.

அடுத்த தடவை நோணாங்குப்பத்துக்குப் படகேறப் போகும்போது, வழியில் அரிக்கமேட்டிலும் கொஞ்சம் நில்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.