ஆறு உருளைகளும் ஒரு பெல்ட்டும்

'கியர் இல்லாத வண்டி' என்று ஸ்கூட்டரைச் சொல்கிறோமே, அது ஒரு சின்னப் பொய்! கியர் இருக்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாத அளவுக்கு இருக்கிறது. அதை மாற்றுவது மட்டும் நாமில்லை. ஒரு ரப்பர் பெல்ட்டும், சுண்டுவிரல் நுனி தடிமனில் ஆறு உருளைகளும் சேர்ந்து நமக்குத் தெரியாமலே மாற்றிக்கொண்டிருக்கின்றன.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். நெல்லும் மல்லாட்டையும் (மற்ற ஊர்க்காரர்களுக்கு வேர்க்கடலை) விளைகிற பூமி. இங்கே ஏதாவது ஒரு டூவீலர் மெக்கானிக் கடையில் அரைமணி நேரம் நின்றால் போதும், இந்த வசனம் காதில் விழும்: "பெல்ட்ட மட்டும் மாத்துனா போதாது டீச்சர். ரோலரும் பட்டையாயிடுச்சு, பாருங்க." டீச்சர் சந்தேகமாகப் பார்ப்பார். பில்லை ஏற்றுகிறானோ என்று தோன்றத்தானே செய்யும்? ஆனால், மெக்கானிக் சொல்வதில் 140 வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

அது ஆரம்பித்தது ஒரு மர அறுவை மில்லில். 1879. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ் என்பவர், ரம்பம் ஒரே வேகத்தில் சுற்றுவதால் மரம் வீணாவதைப் பார்த்தார். மரத்துக்குத் தகுந்த மாதிரி வேகம் மாற வேண்டும். என்ன செய்யலாம்?

நம் ரைஸ் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் சின்னச் சக்கரம், மெஷினில் பெரிய சக்கரம், நடுவே பெல்ட். சின்னது பெரியதைச் சுற்றினால் வேகம் குறையும், இழுவை கூடும். வேகம் மாற வேண்டுமென்றால் சக்கரத்தையே கழற்றி மாற்ற வேண்டும். ரீவ்ஸ், இரண்டு கூம்புத் தட்டுகளை எதிரெதிரே வைத்து நடுவே பெல்ட்டை ஓட விட்டார். தட்டுகளை நெருக்கினால் பெல்ட் மேலே ஏறும், அதாவது சக்கரம் பெரிசாகிவிடும். விலக்கினால் பெல்ட் உள்ளே இறங்கும், சக்கரம் சிறுத்துவிடும். 1896-ல் இதையே ஒரு காரில் வைத்து ஓட்டியும் காட்டினார்.

அடுத்த கூத்து இங்கிலாந்தில். ஜெனித் என்றொரு மோட்டார் சைக்கிள் கம்பெனி. அங்கே ஃப்ரெடி பார்ன்ஸ் என்ற இன்ஜினீயர், 1907-08 வாக்கில் 'கிராடுவா கியர்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு கைப்பிடி. காப்பிக்கொட்டை அரைப்பது போல அதைச் சுற்றினால் புல்லி அகலும் அல்லது நெருங்கும். பெல்ட் தொய்ந்துவிடாமலிருக்கப் பின்சக்கரமே கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும்! மற்ற வண்டிகளெல்லாம் ஒரே கியரில் மூச்சு வாங்க மலையேறிக்கொண்டிருந்த காலம். ஜெனித் ஹாயாக மேலே போய்ப் பரிசைத் தட்டியது. பொறுக்குமா மற்றவர்களுக்கு? 'இது போங்கு' என்று பல கிளப்புகள் போட்டிகளில் அதற்குத் தடை போட்டன. கம்பெனி அழவில்லை. 'தடை செய்யப்பட்டது' என்ற வார்த்தையையே தன் சின்னமாக்கி விளம்பரம் செய்தது. இப்படி ஒரு விளம்பரத்தைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது!

(சுமார் 85 வருஷம் கழித்து இதே கதை திரும்ப நடந்தது. 1993-ல் வில்லியம்ஸ் ஃபார்முலா ஒன் அணி, இதே தத்துவத்தில் இயங்கும் உலோக பெல்ட்டைத் தன் காரில் பொருத்திச் சோதித்துப் பார்த்தது. 1994 விதிமுறைகளில் அதற்குத் தடை வந்தது. பந்தயத்துக்குப் போகாமலே முடிந்துபோனது.)

கைப்பிடி சுற்றுகிற வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டவர் ஹாலந்துக்காரரான ஹப் வான் டோர்ன். ஐந்தோவன் நகரில் சின்னப் பட்டறையாக ஆரம்பித்து லாரி கம்பெனி வரை வளர்ந்தவர். 1958 பிப்ரவரியில் அவருடைய டாஃப் கம்பெனி, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் ஒரு குட்டிக் காரை இறக்கியது. கிளட்ச் மிதி கிடையாது. இன்ஜின் வேகத்தைப் பொறுத்துப் புல்லிகள் தாங்களே நெருங்கும், விலகும். முன்னால் போகிற அதே வேகத்தில் பின்னாலும் ஓடும். டச்சுக்காரர்கள் பிற்காலத்தில் இந்தக் கார்களை வைத்து ரிவர்ஸ் ரேஸே நடத்திக் கூத்தடித்தார்கள். 'பாட்டிமார் ஓட்டுகிற கார்' என்று கிண்டலும் கிளம்பியது. என்னைக் கேட்டால், அந்தக் கிண்டல்தான் அதற்குக் கிடைத்த பெரிய சர்டிபிகேட். இதுவரை ஓட்டாதவர்கள் ஓட்டினார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்?

இந்தியாவுக்கு வருவோம். ஸ்கூட்டர் என்றால் இடது கையால் கிளட்சைப் பிடித்து, அதே கையால் கியரை முறுக்கி, ஸ்டார்ட் ஆகாவிட்டால் வண்டியை ஒருபக்கம் சாய்த்து நிறுத்தி... புடவை கட்டிக்கொண்டு இதையெல்லாம் செய்வது லேசா? வண்டியே புக் செய்து வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காலம் அது. 1984-ல் கைனடிக் ஹோண்டா வந்தது. பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். கையை முறுக்கினால் போகும். பெல்ட்டும் உருளைகளும் நம்மூர் சாலைக்கு வந்தது அப்போதுதான். 90-களில் ஓசூரிலிருந்து ஸ்கூட்டி கிளம்பியது, 2001-ல் ஆக்டிவா. அப்புறம் நடந்ததை நீங்களே தெருவில் பார்த்திருப்பீர்கள்.

அரசாங்கமும் கவனித்தது. 2018 பிப்ரவரி 24 அன்று சென்னையில் தொடங்கப்பட்ட அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். 125 சிசிக்கு மேல் போகக்கூடாது, கியர் மாற்றுகிற வண்டியும் கூடாது என்பது நிபந்தனை. 2021-ல் ஆட்சி மாறி, சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஸ்கூட்டர் மானியம் நின்றுபோனது. அதில் வாங்கிய வண்டிகள்? அவை இன்னும் ஓடுகின்றன. கைமாறியும் ஓடுகின்றன. அங்கன்வாடிக்கும், ஆஸ்பத்திரி டியூட்டிக்கும், பிள்ளைகளை டியூஷனில் விடவும். இரவு எட்டு மணிக்குத் திருவண்ணாமலையிலிருந்து திரும்புகிறபோது ஊருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கையில் பெல்ட் அறுந்தால், இன்ஜின் உறுமும், சக்கரம் நகராது. இருட்டில் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

அதனால்தான் அந்த உருளைகள் விஷயம். இன்ஜின் வேகமாகச் சுற்றச் சுற்ற, முன்புல்லிக்குள் இருக்கும் உருளைகள் ராட்டினத்தில் உட்கார்ந்தவர்கள் மாதிரி வெளிப்பக்கம் தள்ளப்படும். அவை சரிவில் ஏறி, தட்டை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். பின்புல்லி ஸ்பிரிங்கை எதிர்த்து விரிந்து இடம் கொடுக்கும். வருஷக்கணக்கில் தேய்ந்து உருளை ஒரு பக்கம் பட்டையானால்? உருளாது. பாதியில் நிற்கும், பிறகு திடீரென்று நழுவும். வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், இன்ஜின் கத்தும், வேகம் வராது. புது பெல்ட்டைப் போட்டும் பிக்கப் சரியில்லை என்று டீச்சர் மறுபடி வந்து நிற்பார்.

ஆகவே ஆறையும் சேர்த்து மாற்ற வேண்டும், கம்பெனி சொன்ன எடையிலேயே. லேசான உருளை போட்டால் இன்ஜின் அதிகம் சுற்றிய பிறகே கியர் ஏறும், பெட்ரோல் குடிக்கும். கனமாகப் போட்டால் சீக்கிரமே ஏறிவிட்டு மேட்டில் திணறும். பெல்ட்டில் கிரீஸ் படவே கூடாது.

இன்னொரு நுணுக்கம். அவசரக்காரர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். பின்புல்லியைக் கையால் விரித்து, பெல்ட்டை அதன் அடியாழம் வரை இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் தொய்வு கிடைக்கும். அப்படிச் செய்யாமல் முன் நட்டை முறுக்கினால் தட்டுகளுக்கு நடுவே பெல்ட் மாட்டிக்கொள்ளும். நட்டு டைட்டான மாதிரித்தான் தெரியும். ஓட ஆரம்பித்ததும் பெல்ட் நகர்ந்துவிடும், நட்டு லூஸாகும், கிராங்க் ஷாஃப்ட்டின் பற்கள் தின்னப்படும். சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரமாகிவிடும். மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், தப்பில்லை. எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது? பல வண்டிகளுக்கு இருபதாயிரத்தைத் தாண்டி ஒரு கணக்கு, உங்கள் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். செகண்ட் ஹாண்டில் வாங்கியவர்களிடம் அந்தப் புத்தகம் இருக்காது, பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதும் தெரியாது. வாங்கியவுடன் ஒருமுறை மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுவது உத்தமம். ஓரத்தில் வெடிப்பு தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

இப்போது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் வந்துவிட்டன. டிவிஎஸ் ஐக்யூபில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, பெல்ட்டே கிடையாது. ஓசூரிலேயே தயாராகும் ஏதர் 450-ல் பெல்ட் பிழைத்திருக்கிறது. ஆனால் அது பல் வைத்த பெல்ட், ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுத்துவிடுவதால், உருளைகளுக்கு அங்கே வேலையில்லை.