கேரட் குடும்பக் காட்டுச் செடிகளை அடையாளம் காணல்

கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், வல்லாரை எல்லாம் ஏபியேசி எனப்படும் கேரட் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் 3,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. பெரும்பாலானவற்றில் பூக்காம்புகள் ஒரே இடத்திலிருந்து குடைக்கம்பிகள் போல் பிரியும். பூ ஒன்றுபோலவே இருப்பதால் அதை மட்டும் பார்த்துச் செடியை இன்னதென்று சொல்ல முடியாது. 1672-இல் இக்குடும்பத்துக்கெனத் தனிநூல் எழுதிய ராபர்ட் மோரிசனும் கனிகளை வைத்தே வகைபிரித்தார்.

பிரிட்டனின் நாட்டுப்புறத்தில் இச்செடிகளைச் சரியாக அடையாளம் காண்பது உயிர் சார்ந்த விஷயம். மே மாதம் சாலையோரங்களை வெள்ளையாக்கும் கௌ பார்ஸ்லி நஞ்சற்றது. அதன் பூ அடங்கும் வேளையில், பெரும்பாலும் அதே ஓரங்களில், ஹெம்லாக் பூக்கத் தொடங்கும். சாக்ரடீஸ் கி.மு. 399-இல் குடித்ததாகக் கருதப்படும் நஞ்சு இதிலிருந்து எடுத்தது. இதிலுள்ள கோனைன் சுவாசத் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது.

இரண்டையும் பிரித்தறியத் தண்டைப் பார்க்க வேண்டும். ஹெம்லாக்கின் தண்டு மயிரின்றி வழவழப்பாக இருக்கும். அதில் ஊதாத் திட்டுகள் சிதறிக் கிடக்கும். கசக்கினால் எலி நாற்றம் அடிக்கும். கௌ பார்ஸ்லியின் தண்டில் வரிப்பள்ளங்களும், அடிப்பகுதியில் மென்மயிரும் உண்டு. அது சில வேளை ஊதா நிறம் பெற்றாலும் திட்டுத் திட்டாக இராது. கனியும் வேறு: ஹெம்லாக்குக்கு உருண்டையாக, நெளிந்த வரம்புகளுடன், கௌ பார்ஸ்லிக்கு நீண்டு வழவழப்பாக.

காட்டுக் கேரட்டைக் காண்பது எளிது. பூங்கொத்தின் அடியில் கிளைபிரிந்த நீண்ட செதில்கள் இருக்கும். நடுவில் பல நேரம் ஒற்றைக் கருஞ்சிவப்புப் பூ தெரியும். காய்க்கும்போது கொத்து உள்நோக்கிக் குவியும்.

ஈர ஓடைக்கரைகளில் வளரும் ஹெம்லாக் வாட்டர் டிராப்வொர்ட் இவற்றைவிட ஆபத்தானது. அதன் வெளிறிய கிழங்குகளிலுள்ள ஈனாந்தோடாக்சின் வலிப்பை உண்டாக்கும். ஓடைகளைத் தூர்வாரும்போது வெளியே வரும் கிழங்கைத் தின்று மாடுகள் மடிகின்றன. காகசஸிலிருந்து அழகுச்செடியாக வந்த ராட்சத ஹாக்வீட் 5 மீட்டர் வரை உயரும். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் எழும். இங்கிலாந்தில் இதை இயற்கைவெளியில் நடுவது குற்றம்.

அடையாளம் காண விரும்புவோர் தண்டு, பூங்கொத்தின் அடிப்பகுதி, கனி ஆகிய மூன்றையும் படமெடுத்து ஒப்பிடுங்கள். வாசனையை மட்டும் நம்பி இக்குடும்பத்துக் காட்டுச் செடி எதையும் வாயில் வைக்காதீர்கள்.