'எய்ன்ட்' யாருடைய சொல்?

லண்டனில் 1696-இல் அரங்கேறிய 'தி ரிலாப்ஸ்' நாடகத்தில் ஃபாப்பிங்டன் பிரபு தன் செருப்புத் தைப்பவரிடம் குறைபட்டுக்கொள்கிறார். காலணி பார்க்க மோசமில்லையாம், காலுக்குத்தான் பொருந்தவில்லையாம். இதில் முதல் 'இல்லை'க்கு நாடகாசிரியர் ஜான் வான்ப்ரூ போட்ட சொல் 'ஆன்ட்'. இன்று ஆங்கில ஆசிரியர்கள் சிவப்பு மையால் அடித்துவிடும் 'எய்ன்ட்'டின் மூத்த வடிவம் அது. பேசியவர் செருப்புத் தைப்பவர் அல்லர், பிரபு.

சொல் உருவான வழியில் மர்மம் ஏதுமில்லை. 'ஆம் நாட்' சுருங்கினால் 'ஆம்ன்ட்'. மகரமும் னகரமும் ஒட்டி நிற்பது நாக்குக்குச் சிரமம் என்பதால் மகரம் உதிர்ந்தது. 'ஆர் நாட்' சுருங்கி ரகரம் தேய்ந்தபோதும் மிஞ்சியது அதே 'ஆன்ட்'தான். விரைவிலேயே 'இஸ் நாட்'டின் இடத்தையும் அது பிடித்துக்கொண்டது. 'ஹேவ் நாட்' தனிவழியில் தேய்ந்து, ஹகரத்தையும் பறிகொடுத்து, இதனுடன் வந்து கலந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் 'எய்ன்ட்' என்ற எழுத்துவடிவம் தலைகாட்டுகிறது. நம் 'இல்லை'யைப் போல நான், நீ, அவன் என்று பேதம் பாராத சொல்.

இத்தகைய சுருக்கங்களை ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-இல் 'டாட்லர்' இதழில் கிண்டலடித்தார். அதே காலத்தில் டப்ளினில் இருந்த தோழி ஸ்டெல்லாவுக்கு எழுதிய கடிதங்களில் 'ஆன்ட்'டைத் தாராளமாகக் கையாண்டார். ஊருக்குத்தான் உபதேசம்!

19-ஆம் நூற்றாண்டில் சொல்லின் மதிப்பு சரிந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் மீனவர் பெகாட்டி போன்ற எளியவர்களின் பேச்சுக்கு அடையாளமாக இதை வைத்தார். ஆனால் பிரபுக்கள் கைவிட்டுவிடவில்லை. 1920-களில் டாரத்தி சேயர்ஸ் படைத்த துப்பறியும் கனவான் பீட்டர் விம்சியும் 'எய்ன்ட்' என்றுதான் பேசுகிறார். மேலே இருப்பவருக்கு இழக்க ஒன்றுமில்லை, கீழே இருப்பவருக்குக் கவலையில்லை. அஞ்சியவர்கள் இடையில் இருந்தவர்களே.

இலக்கணப் பிழை என்ற வாதம் அவ்வளவாக எடுபடாது. 'ஆம் நாட்'டுக்கு ஏற்கப்பட்ட சுருக்கம் இல்லாத குறையை 1926-இல் ஆங்கில வழக்கு நூலாசிரியர் ஃபவுலரே ஒப்புக்கொண்டார். அந்த இடத்தில் மரியாதையாக உட்கார்ந்திருப்பது 'ஆர்ன்ட் ஐ'. 'ஐ ஆர்' என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் 'ஆர்ன்ட் ஐ' குற்றமில்லை! தென் இங்கிலாந்தில் உயிரொலிக்குப் பின் வரும் ரகரத்தை உச்சரிப்பதில்லை. அதனால் 'ஆன்ட்'டும் 'ஆர்ன்ட்'டும் காதுக்கு ஒன்றே. பழைய சொல்தான் ரகரத்தைச் சேர்த்துக்கொண்டு கௌரவம் பெற்றிருக்கிறது.

இச்சொல்லைப் பேசாதவர் வாயில் திணித்ததும் உண்டு. அடிமையாகப் பிறந்து விடுதலைக்குப் போராடிய சோஜர்னர் ட்ரூத் 1851-இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் ஆற்றிய உரை 'எய்ன்ட் ஐ எ உமன்' என்ற பெயரில் புகழ்பெற்றது. சில வாரங்களில் பத்திரிகையாளர் மேரியஸ் ராபின்சன் அச்சிட்ட அறிக்கையில் அந்த வாசகமே இல்லை. 1863-இல் எழுத்தாளர் ஃபிரான்சஸ் கேஜ் வெளியிட்ட வடிவத்தில்தான் தென்மாநில அடிமைகளின் கொச்சையோடு அக்கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அதுவும் 'ஆர்ன்ட்' என்றே. 'எய்ன்ட்' பிற்காலத்தவர் கைவண்ணம். ட்ரூத் பிறந்தது நியூயார்க் மாநிலத்தில். அவருடைய முதல் மொழி டச்சு.

1961-இல் ஃபிலிப் கோவ் தொகுத்த 'வெப்ஸ்டர்ஸ் தேர்ட்' அகராதி வெளிவந்தபோது சண்டை உச்சத்துக்குப் போனது. பலர் ஏற்பதில்லை, கல்வி குறைந்தவர்களிடமே மிகுதி, எனினும் பண்பட்டவர்கள் பலரும் பேச்சில் பயன்படுத்துகிறார்கள் என்பது அதில் 'எய்ன்ட்' பற்றிய பதிவின் சாரம். நிறுவனத்தின் பத்திரிகைச் செய்தி முன்பாதியை விட்டுவிட்டது. நாளிதழ்கள் கொதித்தன. 1934 பதிப்பிலும் இச்சொல் 'கல்லாதோர் வழக்கு' போன்ற முத்திரையோடு இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. ரெக்ஸ் ஸ்டவுட்டின் 1962 நாவலில் துப்பறிவாளர் நீரோ வூல்ஃப் அந்த அகராதியைத் தாள் தாளாகக் கிழித்து நெருப்பில் போடுகிறார். அமெரிக்கன் ஹெரிடேஜ் என்ற பதிப்பு நிறுவனம் வெப்ஸ்டர் பதிப்பகத்தையே விலைக்கு வாங்கப் பார்த்தது. அது முடியாமல் போகவே, 1969-இல் சொல்வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல ஒரு குழுவையே அமர்த்தித் தன் சொந்த அகராதியை வெளியிட்டது.