பக்கவாதத்திற்குப் பிந்தைய வாழ்க்கைத்தரம்

பக்கவாதத்திற்குப் பிந்தைய வாழ்க்கைத்தரம் என்பது, பக்கவாதத்திலிருந்து உயிர் தப்பிய ஒருவர் தமது உடல்நிலை, மனநிலை, குடும்ப உறவு, சமூக வாழ்வு ஆகியவற்றைத் தாமே எவ்வாறு உணர்கின்றார் என்பதைக் குறிக்கும். மூளையின் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் ஏற்படுகின்றது. இழந்த இயக்கங்கள் முதற் சில மாதங்களில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மீள்கின்றன. எனினும் உடலியக்கம் மீள்வதும் வாழ்க்கைத்தரம் மீள்வதும் ஒன்றல்ல.

அளவிடும் முறைகள்

1965 ஆம் ஆண்டில் வெளியான பார்தெல் சுட்டெண் பரவலாகப் பயன்படுகின்றது. உண்ணல், குளித்தல், உடுத்தல், நடத்தல், படியேறல் முதலிய 10 செயல்களுக்கு மொத்தம் 100 புள்ளிகள் வழங்கப்படும். முழுப் புள்ளிகளையும் பெற்றவர் இச்செயல்களைப் பிறர் உதவியின்றிச் செய்ய வல்லவர். ஆனால் அவரால் உரையாட முடிகின்றதா, வேலைக்குத் திரும்ப முடிந்ததா, அவருக்கு மனச்சோர்வு உள்ளதா என்பவற்றை இச்சுட்டெண் காட்டாது.

இவற்றையும் அறியும் பொருட்டு, பக்கவாதத்திற்கே உரிய வாழ்க்கைத்தர அளவுகோல் ஒன்று 1999 இல் வெளியிடப்பட்டது. இதில் மொழி, மனநிலை, சிந்தனை, பார்வை, குடும்பப் பங்கு, சமூகப் பங்கு, வேலை உள்ளிட்ட 12 பிரிவுகளில் 49 வினாக்கள் உள்ளன.

வெளித்தெரியாத பாதிப்புகள்

* மனச்சோர்வு: பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகின்றது. மூளைச் சேதம், இழப்பின் துயரம் ஆகிய இரண்டும் இதற்குக் காரணமாகலாம். கவனிக்காது விட்டால் பயிற்சியில் நாட்டம் குறைந்து உடல் மீட்சியும் தடைப்படும். மருந்தும் உளவள ஆலோசனையும் பயன் தரக்கூடியவை.
* களைப்பு: ஓய்வெடுத்தும் நீங்காத இக்களைப்பைச் சோம்பல் என உறவினர் தவறாகக் கருதுவதுண்டு.
* பேச்சிழப்பு: பெரும்பாலும் இடது மூளை பாதிக்கப்படும்போது தோன்றுகின்றது. சொல்ல விரும்புவது மனதில் இருந்தும் சொற்கள் வாரா. இதனை அறிவிழப்பு எனக் கொள்வது தவறாகும்.

எடுத்துக்காட்டு

சுவீடன் நாட்டுக் கவிஞர் தோமசு திரான்சிட்ரோமர் 1990 இல் பக்கவாதத்திற்கு உள்ளானார். வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சின் பெரும்பகுதியும் அற்றுப்போனது. ஆயினும் இடது கையால் மட்டுமே பியானோ வாசித்து வந்தார். 1996 இலும் 2004 இலும் கவிதைத் தொகுப்புகளை வெளியிட்டார். 2011 இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். 2015 இல் மறைந்தார். இழந்த பேச்சு முழுமையாக மீளாதபோதும், தாம் மதித்த செயல்களை அவர் தொடர்ந்தார்.

குடும்பத்தின் பங்கு

எல்லாப் பணிகளையும் பிறரே செய்துவிட்டால் நோயாளியின் தன்னம்பிக்கை குன்றும். இயன்றவற்றை அவரே செய்ய இடமளித்தல், பதில் கூற நேரம் கொடுத்தல், குடும்ப முடிவுகளில் அவரைக் கலந்துகொள்ளல் ஆகியன நன்மை தரும். குளியலறைக் கைப்பிடி, சாய்தளம் போன்ற எளிய மாற்றங்களும் உதவுகின்றன. பராமரிப்பவரும் உடற்சோர்வுக்கும் மனச்சோர்வுக்கும் ஆளாவதால், அவருக்கும் ஓய்வும் ஆதரவும் தேவைப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* பக்கவாதம்
* பேச்சிழப்பு
* இயன்முறை மருத்துவம்